ஒரு துவாரம், இரண்டு குரல்

போன மாசி மாதத்தில் என் மாமாவைப் பழனிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாமா என்றால் என் தாயாருடன் பிறந்தவர். வயது 85. கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் 1958-ம் வருஷம் முதல் 1993-ம் வருஷம் வரையில், முப்பத்தைந்து வருஷம் உழைத்தவர். தகப்பனாரை இழந்த எனக்கு அந்தக் குறை தெரியாதபடி, மாதம் பிறந்தால் மில் சம்பளத்தில் ஒரு பங்கை என் தாயாரின் கையில் கொண்டுவந்து வைத்தவர். நான் காலேஜ் வாசலை மிதித்ததும், பிற்பாடு கதை என்றும் நாவல் என்றும் எழுத வந்ததும் அந்தப் பணத்தின் தயவினால்தான். ஆகவே அவரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை.

வண்டியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பாட்டுப் போட்டால் கதவுக்குள்ளிருந்து வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். காந்திபுரத்துப் பக்கம் வண்டிகளுக்கு ரேடியோ பொருத்துகிற கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரப் பையன் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்துக் காட்டினான். தாள் கிழிந்திருந்தது.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு, கோஆக்சியல் போட்டுக்குங்க சார். ஆறரை இஞ்சு. இதே ஓட்டையில உக்காந்துக்கும். கதவை அறுக்க வேண்டியதில்லீங்க” என்றான்.

அவன் கையில் வைத்திருந்த புது ஸ்பீக்கரைப் பார்த்தேன். தட்டுப் போன்ற பெரிய கூம்பு ஒன்று. அதன் நட்ட நடுவில், தாமரைப் பூவில் பொகுட்டு இருக்கிறாற்போல, கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இன்னொரு குட்டி ஸ்பீக்கர். பெரியதன் மடியில் சின்னது. போட்டுக் கேட்டேன். ஜாலராவின் ஓசை கண்ணாடிச் சில்லுப் போலத் தெறித்தது. தவில் அடி வயிற்றில் விழுந்தது. மாமா அசந்து போவார் என்று எண்ணிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

மாமா அசந்து போகவில்லை. கிணத்துக்கடவைத் தாண்டுகிறபோது, “பாட்டு நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை. ஆனா என்ன சொல்றான்னு ஒண்ணும் வெளங்கலியே” என்றார். நான் சத்தத்தை ஏற்றினேன். அவர் கையை அமர்த்திக் காட்டி, “சத்தம் வேண்டாம், சத்தம் கேக்குது. பேச்சுத்தான் கேக்கல. அந்தக் காலத்து பஸ்ஸுல வார்த்தை வார்த்தையா வந்து விழுகுமே, அது மாதிரி இல்லை” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தம் புதிய ஸ்பீக்கரை, என்றைக்கோ ஓடின பஸ்ஸின் டப்பா ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுத் தோற்கடித்துவிட்டாரே! மேற்கொண்டு பேசாமல் வண்டியை ஓட்டினேன். ஆனால் அவர் சொன்னது மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அந்த முள்ளைப் பிடுங்குவதற்காகத்தான் பிறகு பல புத்தகங்களைப் புரட்டினேன், பலரைக் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த பாதையே சரித்திரம் உள்ள பாதை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே 1920-ம் வருஷத்தில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் ஆரம்பித்தார். பதின்மூன்று வருஷங்களில், 1933-ல், அவருடைய யுனைட்டெட் மோட்டார் ஸர்வீஸில் 280 பஸ்கள் ஓடின. யூ. எம். எஸ். என்ற மூன்று எழுத்துக்களைத் தெரியாதவர்கள் அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த பஸ்களுக்குப் பாடத் தெரியாது. உறுமலும் ஹாரன் சத்தமுந்தான் அவற்றின் சங்கீதம். பிற்பாடு நாயுடு அவர்களின் கவனம் ரேடியோவின் பக்கமும் திரும்பியது. ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்கலாம் என்று 1941-ல் அவர் சொன்னார். ரேடியோ என்பது பெரிய மனிதர்களின் கூடத்தில் வீற்றிருந்த காலம் அது.

ஓடுகிற வண்டியில் குரலைக் கொண்டுவந்து வைத்த கதையை அறிய வேண்டுமானால், பொள்ளாச்சிச் சாலையை விட்டுச் சற்றுத் தூரம் போகத்தான் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் நாபா என்று ஓர் ஊர், திராட்சைக்குப் பேர்போனது. அங்கே பீட்டர் ஜென்சன் என்ற டென்மார்க் தேசத்துக்காரரும், எட்வின் பிரிதாம் என்ற அமெரிக்கரும் சேர்ந்து டெலிபோனைச் சீர்திருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அதில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் சுருள் துடிக்கிறது. துடிக்கிற சுருளோடு ஒரு தகட்டைப் பிணைத்தால் தகடு காற்றை அசைக்கிறது. அந்த அசைவே குரல். இதோடு கிராமபோன் குழாயையும் மாட்டிப் பார்த்தபோது, காதோடு பேச வேண்டிய கருவி ஊரைக் கூட்டிப் பேசிவிட்டது. 1915-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஜனங்கள் திரண்டு நின்று அதைக் கேட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, ஜனாதிபதி வில்ஸன் ஸான் டியேகோவில் அந்தக் குழாயின் மூலம் ஐம்பதினாயிரம் பேருக்கு முன்னால் பேசினார்.

நம் ஊர்க் கல்யாண வீட்டுத் தென்னை மரத்திலும், மாரியம்மன் நோன்பின்போது கோயில் கூரையிலும் மைக் செட்காரர் கட்டுகிற குழாய் இருக்கிறதே, அது இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். குழாய்க்கு ஒரு குணம்: குறைந்த சக்தியில் நெடுந்தூரம் கத்தும். ஆனால் இனிமைக்கும் அதற்கும் அவ்வளவாக ஒத்துவராது. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925-ல் குழாயே வேண்டாம் என்று சொன்னார்கள். தாளினால் செய்த கூம்பைச் சுருளோடு சேர்த்து ஒட்டி, நேராகக் காற்றை அசைக்க வைத்தார்கள். வீட்டுக்குள் வைத்துக் கேட்கத் தகுந்த ஸ்பீக்கர் அப்போதுதான் பிறந்தது.

வீட்டுக்குள் வந்தது வண்டிக்குள் ஏற எத்தனை நாள் ஆகும்? ஐந்தே வருஷந்தான். 1930-ல் பால் கால்வின் என்பவர் தம் காரில் ரேடியோவைப் பொருத்தி, ரேடியோ வியாபாரிகளின் மாநாடு நடந்த அட்லாண்டிக் ஸிடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாநாட்டில் கடை போட அவரிடம் பணம் இல்லை. வாசலில் காரை நிறுத்திப் பாட்டை உரக்க வைத்தார். வெளியே வந்தவர்கள் எல்லாரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. 1955-ல் கிரைஸ்லர் கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போய், காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஊசி என்ன ஆகும் என்று நம் ஊர் வண்டிக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்! அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் உள்ளங்கை அகல நாடாப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் வண்டிக்கு ஏற்ற சங்கீதம் கிடைத்தது. நாடா குலுக்கலுக்கு அஞ்சாது. கேஸட் என்றால் நமக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

கேஸட்டை ஆட்சியில் அமர்த்தியவர்கள் எங்கள் கொங்கு நாட்டு பஸ்காரர்கள். 1972-ல் அரசாங்கத்தின் சேரன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. ஆனாலும் கிராமங்களுக்கும் டவுனுக்கும் நடுவே தனியார் பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அரசாங்க பஸ்ஸில் பயணம் இருந்தது. தனியார் பஸ்ஸில் பயணமும் பாட்டும் இருந்தன. கரூரிலே பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறைகளில், ஜன்னல்களுக்கு மேலே இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பீக்கர்களைப் பதித்து, மேலே சல்லடைத் தகடு அடித்து அனுப்பினார்கள். டிரைவரின் தலைக்கு மேலே கேஸட் அடுக்கு. 1980-களில், இன்ன பஸ்ஸில் இன்ன பாட்டு என்று தெரிந்துவைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றவர்களை நான் அறிவேன். நானும் நின்றிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வருகிற மில் தொழிலாளிகளும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், கீரைக் கூடைக்காரியும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த பஸ் ஜன்னலோரத்தில் என் மாமாவும் இருந்தார்.

இனி அந்தப் பெரியதன் மடியில் சின்னது உட்கார்ந்த கதைக்கு வருவோம்.

ஒரே கூம்பினால் எல்லா ஸ்வரத்தையும் சொல்ல முடியாது. தவிலின் முழக்கத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். ஜாலராவின் ஓசைக்கு ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை துடிக்க வேண்டும். பெரிய கூம்பின் கனம் அதற்கு இடம் கொடாது. அப்படியே துடித்தாலும், உச்ச ஓசை நேர் எதிரே இருப்பவனுக்கு மட்டும் போகும். பக்கத்தில் இருப்பவனுக்குப் போகாது. ஆகவே கனத்த ஓசைக்கு வூஃபர், மெல்லிய ஓசைக்கு ட்வீட்டர் என்று இரண்டு ஸ்பீக்கர்கள் வேண்டியதாயிற்று. நடுவிலே ஒரு சிறு கண்டென்ஸரை வைத்தால், அது வாயிற்காவலனாக நின்று கனத்த ஓசையைத் தடுத்துவிட்டு மெல்லிய ஓசையை மட்டும் சின்னவனிடம் அனுப்புகிறது.

ஆனால் இரண்டையும் தனித்தனியே வைத்தால் இன்னொரு தொல்லை. விநாடிக்கு 3000 துடிப்பு உள்ள ஓசையின் அலை நீளம் சுமார் 11 ஸென்டிமீட்டர். இரண்டு ஸ்பீக்கர்களும் அந்த அளவு தள்ளி இருந்து, இரண்டும் ஒரே ஸ்வரத்தைப் பாடுகிற கட்டத்தில், சில இடங்களில் ஒன்றின் அலையை மற்றொன்றின் அலை விழுங்கிவிடுகிறது. கேட்பவன் தலையைச் சற்று நகர்த்தினால் பாட்டின் நிறமே மாறுகிறது. இதற்குப் பரிகாரமாக, இரண்டையும் ஒரே அச்சில் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1940-களின் நடுவில் அமெரிக்காவில் ஆல்டெக் லான்ஸிங் கம்பெனியாரும், 1947-ல் லண்டனில் டேனாய் கம்பெனியாரும் அப்படிப்பட்ட ஸ்பீக்கர்களைச் செய்தார்கள். அவை பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டூடியோக்களில் வைக்கத் தகுந்த பூதங்கள். அச்சு ஒன்றானதால் கோஆக்சியல் என்று பெயர்.

பூதம் குட்டியானது காருக்காக. காரிலே இரண்டு தொல்லை: இடம் இல்லை, கேட்பவனும் ஸ்பீக்கரை விட்டு விலகி உட்கார வழி இல்லை. கதவில் ஒரே ஒரு துவாரந்தான் கிடைக்கும். அதற்குள்ளேயே கனத்த குரலும் மெல்லிய குரலும் அடங்க வேண்டும். பேட்டரியோ 12 வோல்ட். அதிலிருந்து கூடுதல் சக்தியைக் கறக்க, வீட்டு ஸ்பீக்கருக்கு வழக்கமான 8 ஓம் தடையைக் குறைத்து 4 ஓம் ஆக்கினார்கள். 1970-களில் இத்தகைய கார் ஸ்பீக்கர்களை விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனிகளில் ஒன்றின் பெயர் ஜென்சன். ஆம், நாபா ஊரில் டெலிபோனோடு போராடிய அதே ஜென்சன் 1927-ல் தொடங்கிய கம்பெனி! அவர் 1961-ல் காலமாகிவிட்டார். ஊரையே கூட்டிய குரலுக்கு உரியவரின் பெயர், கடைசியில் நாலு பேர் உட்காருகிற காருக்குள் வந்து சேர்ந்தது. பிறகு 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் என்ற உலோகத்தைச் சேர்த்து மிக வலிய காந்தம் கண்டுபிடித்தார்கள். புளியங்கொட்டை அளவுக் காந்தமே போதும் என்றான பிறகு, சின்னவன் இன்னும் சின்னவனானான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மறுபடி கடைக்காரப் பையனிடம் போனேன். மெல்லிய ஓசையைக் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவன் கூட்டி வைத்தான். எனக்குக் காது கூசியது. பின் ஸீட்டில் இருந்த மாமா, “அப்படியேதான் இருக்குது” என்றார். பையன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஸ்பீக்கர்ல கோளாறு இல்லீங்க சார்” என்று மெதுவாகச் சொன்னான்.

அதற்கு மேலும் நான் தட்டிக் கழிக்கவில்லை. மாமாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஓர் அறையில் உட்கார வைத்து, ஒவ்வோர் ஓசையாகக் கேட்கச் செய்து, ஒரு தாளில் கோடு வரைந்தார்கள். கோடு கொஞ்ச தூரம் சமதரையில் நடந்தது. பிறகு, 3000, 4000 என்ற எண்கள் வருகிற இடத்தில் கிணற்றுக்குள் இறங்குகிறாற்போல இறங்கிவிட்டது. டாக்டரம்மாள் தாளைப் பார்த்தார். மாமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “எந்த மில்லிலே வேலை செய்தீங்க?” என்று கேட்டார்.

கோயமுத்தூரில் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிய பிறகு, ஆலைகள் காளான்களாக முளைத்தன. எங்கள் ஊரின் செல்வமும், எங்கள் பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான் நூற்கப்பட்டன. ஆலைக்குள் ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் காதின் மேல் வாயை வைத்துக் கத்த வேண்டும் என்று மாமா சொல்லி நான் சிறு வயதில் சிரித்திருக்கிறேன். பெரும் சத்தத்தில் வருஷக்கணக்காக இருப்பவனின் காதில், 4000 துடிப்பை ஒட்டிய ஓசைகளை வாங்குகிற நுண்ணிய மயிரணுக்கள்தான் முதலில் சாகின்றன. வயது மற்றவற்றைக் கொண்டுபோகிறது. கன்னான்களின் காது கெடுவதை 300 வருஷங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தேசத்தில் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, சத்தத்தினால் வரும் செவிட்டைத் தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். மாமா அதற்குள் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்து முடித்திருந்தார்.

இதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. கண்டென்ஸர் வாயிற்காவலன் சின்ன ஸ்பீக்கருக்கு என்று பிரித்துக் கொடுக்கிற ராஜ்யமும், மில் என் மாமாவிடமிருந்து எடுத்துக்கொண்ட ராஜ்யமும் ஏறக்குறைய ஒன்றே. ஜாலரா மட்டுமா அந்த ராஜ்யத்தில் இருக்கிறது? வார்த்தையின் விளிம்பும் அங்கேதான் இருக்கிறது. அகரம் இகரம் போன்ற உயிரோசைகள் கீழே இருக்கின்றன. அவை அவர் காதில் விழுகின்றன. ‘பட்டு’, ‘கட்டு’, ‘தட்டு’ என்று சொல்லுகிறபோது முதல் எழுத்தைப் பிரித்துக் காட்டுகிற சிறு வெடிப்பும் உரசலும் மேலே இருக்கின்றன, அவை விழுவதில்லை. பேச்சு கேட்கவில்லை, சத்தம் கேட்கிறது என்று அவர் சொன்னது சாஸ்திர ரீதியாகவே சரி. நானோ, அவர் காதுக்கு எட்டாத ஒன்றை விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, அவர் பாராட்டவில்லையே என்று மனத்தாங்கல் கொண்டேன். அந்தக் காதை விற்ற பணத்தில்தான் நான் படித்தேன் என்பதை நினைத்தபோது, தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்படியானால் அந்தக் காலத்து பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது என்றாரே, அது எப்படி? அப்போது காது இவ்வளவு கெட்டிருக்கவில்லை என்பது ஒரு காரணம். பஸ்ஸின் ஸ்பீக்கர் அடி ஓசையும் இல்லாமல் நுனி ஓசையும் இல்லாமல், மனிதக் குரலின் நடுப்பகுதியை மட்டும் உரக்கச் சொன்னது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் டாக்டர் வீட்டிலிருந்து திரும்புகிறபோதுதான் தெரிந்தது.

“பழைய பாட்டு ஏதாவது இருக்குதா மாப்பிள்ளை?” என்றார் மாமா. எம். ஜி. ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’ படத்தின் பாட்டு ஒன்றை வைத்தேன். கதை எங்கள் நாமக்கல் கவிஞருடையது. படம் எடுத்தது எங்கள் கோயமுத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோ, வருஷம் 1954. மாமாவுக்கு அப்போது பதினாலு வயது. கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தாராம். பிறகு எத்தனையோ பஸ்களில் கேட்டாராம். டி. எம். சௌந்தரராஜன் அடியை எடுப்பதற்கு முன்பே மாமாவின் உதடுகள் அசைந்தன. ஒரு வார்த்தை தவறவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, “பாத்தியா, இப்ப நல்லாக் கேக்குது. ஸ்பீக்கரை மாத்திப்புட்டியா?” என்றார்.

“ஆமாங்க மாமா, மாத்திட்டனுங்க” என்றேன்.

பொய்தான். கதவில் இருந்தது அதே ஸ்பீக்கர். பெரியது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சின்னதின் வேலையை, அந்தப் பதினாலு வயதுப் பையனின் ஞாபகம் செய்துகொண்டிருந்தது. காது மிஷின் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் வரும். புதுப் பாட்டு ஒன்றை அப்போது போட்டுக் காட்ட வேண்டும்.